கொசு பாடிய போர்டு

விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு சிப், வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடும். அந்தத் துண்டு துண்டான ஓட்டத்தைப் பக்கத்தில் இருக்கும் கம்பிச்சுருள் வாங்கிச் சீரான வோல்டேஜாக்கித் தரும். அதைச் சுற்றி சர்க்கிட் போர்டு அமைப்பதுதான், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தெப்ராவ் தொழிற்சாலையில் என் வேலை. போர்டிலிருந்து எடுக்கும் மின்சாரம் குறைந்தால் சிப்புக்கும் சோம்பல் வந்துவிடும். கொஞ்சம் விழிக்கும், திரும்பத் தூங்கும். அப்போது போர்டு அதிர்ந்து மெல்லிதாகக் கீச்சிடும்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது, வயதாகிவிட்ட காது. பக்கத்து மேசைத் தம்பிதான், "அக்கா, உங்க போர்டு கொசு மாதிரி பாடுது லா," என்பான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன்.

இரண்டு வயதாகியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர், தானும் தாமதமாகத்தான் பேசியதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தேற்றுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளைக் காது டாக்டரிடம் காட்டுவதற்கு முதல் நாள் மத்தியானம். மழை விட்டிருந்தது. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. வீடே பாதித் தூக்கத்தில் இருந்தது. மகள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மைலோ டின் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கீச்சொலியை ஒழிப்பதற்காகவே போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மின்சாரத்தைக் குறைக்கக் குறைக்க, மின்னலையைக் காட்டும் கருவியின் திரையில் அலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகள் தலையைத் தூக்கினாள்.

எழுந்தாள். காற்றில் எதையோ தேடிக்கொண்டே மேசைக்கு வந்தாள். போர்டுக்கு மேலே இரண்டு கையையும் விரித்துப் பட்டென்று தட்டினாள், நான் கொசு அடிப்பதைப் போலவே. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். கொசு இல்லை.

சுவிட்சை அணைத்தேன். அவள் மூடிகளிடம் திரும்பிப் போனாள். போட்டேன். வந்தாள், தட்டினாள். அணைத்தேன், போட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கனவு கலைந்துவிடக் கூடாதே என்று அவளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் நடந்ததைச் சொல்லி, போர்டைப் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து போர்டில் காதை வைத்தார்.

"ஒன்னும் கேக்கலையே," என்றார்.

மகள் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து கை தட்டினாள்.

"இந்த வீட்டுல காது கேக்காதது நம்ம ரெண்டு பேருக்குத்தாங்க," என்றேன்.

அவர் நிமிரவில்லை. மேசையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இத்தனை மாதமாகச் சிரித்துக்கொண்டே எனக்குத் தைரியம் சொன்ன மனிதர்.