ஆறாத படுக்கை

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. எங்கள் சுசாகி துறைமுகத்தில் என் ஐஸ் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் படகுப் பாய் தைக்கிறாளே சயோகோ, அவளுக்கு நடந்தது. அவள் கதை அளக்கிற ஆள் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் பாதிதான். இதை அவள் வாயிலிருந்து வாங்க எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. கடைசியில் வரும் ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அதை நானே பார்த்தேன்.

சயோகோவும் அவள் கணவன் கென்சாகுவும் ஹவாயிலிருந்து ஜப்பானுக்குத் தங்கள் பாய்மரப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். படகின் பெயர் சிதோரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்பது மீட்டர். உள்ளே ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஆட்டத்தில் உருண்டு விழாமல் படுக்க ஒரே ஒரு படுக்கை. நடுக்கடலிலிருந்து வீட்டுக்குப் பேசும் வசதி இல்லாத காலம் அது. கிளம்பினால் கிளம்பியதுதான். வந்து சேர்ந்தால்தான் உண்டு.

பெருங்கடலைத் தாண்டுவது என்றால் ஏதோ வீரதீரம் என்று நினைப்பீர்கள். வெறும் வீட்டு வேலைதான். பாதிக்குப் பாதி கடல் தண்ணீர் விட்டுச் சோறாக்க வேண்டும். தளத்தில் வந்து விழும் பறக்கும் மீனை வறுக்க வேண்டும். கிழிந்ததைத் தைக்க வேண்டும், உடைந்ததைக் கட்ட வேண்டும். மீதி நேரம் காவல். ஒருவர் மேலே நின்று கப்பல் வருகிறதா, காற்று மாறுகிறதா என்று பார்க்க, மற்றவர் கீழே தூங்குவார். முறை முடிந்ததும் மேலே இருப்பவர் அறைக் கூரையை மூன்று முறை தட்டுவார். டக்... டக்... டக். தூங்குகிறவர் எழுந்து ஏறி வர வேண்டும். "உன் முறை" என்று சொல்லிவிட்டு மற்றவர் இறங்கி, அதே படுக்கையில் சுருண்டுகொள்வார். வாசலில் இடித்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம்தான் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்ளும் நேரம்.

"சூடா விட்டுட்டு வந்திருக்கேன். ஆறிடப் போகுது, சீக்கிரம் போய்ப் படுங்க," என்பாள் சயோகோ.

"நீ படுத்த இடமா? மீன் பெட்டி மாதிரி சில்லுனு கெடக்கும்," என்பான் அவன்.

அவளுக்குக் கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அது ஒரு கேலி.

ஒரு சாயங்காலம் சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றும்போது அவன் தானாகச் சிரித்தான்.

"இந்நேரம் அம்மா வீட்டுல நமக்கு ரெண்டு கிண்ணம் எடுத்து வச்சிருப்பா."

"நமக்கா? உங்களுக்குனு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும்தான். சூப்ப ஊத்தி மூடி போட்டு வைப்பா. கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து பாப்பா. மூடிக்கு அடியில தண்ணி கோத்திருந்தா, கடலுக்குப் போன ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தம். காஞ்சிருந்தா..."

"கொதிக்கிற சூப்ப மூடி வச்சா தண்ணி கோக்காம என்ன பண்ணும்?"

"அதான் சூட்சுமம். எங்கப்பா சூரை மீன் பிடிக்கப் போன அத்தன வருஷமும் அப்படித்தான் உயிரோட இருந்தாரு."

"என் கிண்ணத்துல அத்தை பச்சத் தண்ணிதான் ஊத்துவாங்க. சீக்கிரம் தீந்துடுவேன்ல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவனுடைய சிரிப்பில் தனக்கு நினைவிருப்பது அதுதான் என்றாள் சயோகோ. அதற்கு மறுநாள் ராத்திரிதான் அது நடந்தது.

காவல் மாறும் நேரம். மூன்று தட்டு கேட்டது. சயோகோ மேலே ஏறி, தன் பாதுகாப்புப் பட்டையைப் படகின் வளையத்தில் மாட்டினாள். அவளுடையது நீலம். கென்சாகுவுடையது சிவப்பு. காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"உன் முறை," என்றான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கவாட்டில் லாரியிலிருந்து மண் கொட்டுவது போல ஒரு சத்தம். படகு புரண்டது. எங்கும் தண்ணீர். இருட்டு. நெஞ்சை அறுக்கும் ஓர் இழுப்பு. அதோடு நினைவு போய்விட்டது.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. படகு தானாக நிமிர்ந்திருந்தது. அவள் பின்தளத்தில் கிடந்தாள். அவள் நெஞ்சில் மாட்டியிருந்தது சிவப்புப் பட்டை. அவளுடைய நீலப் பட்டை அறுந்து, படகுக்கு வெளியே தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

கென்சாகு இல்லை.

அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடலில் விழுந்தது அவள். அவன் அவளை இழுத்து மேலே போட்டிருக்கிறான். தன் பட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டியிருக்கிறான். அடுத்த அலை வந்திருக்கிறது.

பகல் முழுக்க அங்கேயே வட்டமடித்தாள். தொண்டை கட்டும்வரை அவன் பெயரைக் கூப்பிட்டாள். அலையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் வரும் கப்பலோடு மட்டும் பேச உதவும் ரேடியோ, உள்ளே உப்புத் தண்ணீர் போய்ச் செத்துவிட்டது. எஞ்சின் கிளம்பவில்லை. காற்றின் திசைக்கு ஏற்பத் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. அது வேரோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கயிறு போட்டுச் சுக்கானைக் கட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. இனி யாராவது ஒருவர் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது இவள் ஒருத்திதான்.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"சுக்கான் பிடிக்கவே கை பத்தல," என்றாள்.

கடலில் குதித்துவிடலாம் என்று பலமுறை தோன்றியதாம். ஒன்றுதான் தடுத்தது. அங்கே ஒரு தாய் தினமும் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை எப்படிப் போனான் என்று அவளிடம் சொல்ல உலகத்தில் வேறு ஆளில்லை. எப்படியாவது வீடு போய்ச் சேர வேண்டும், சொல்லிவிட வேண்டும், அப்புறம் என்ன ஆனாலும் சரி.

மூன்றாம் நாள் அவள் உடம்பு கைவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள்.

எத்தனை நேரம் போனதோ. பதறி விழித்தாள். படகு எங்கேயோ திரும்பிப் போயிருக்கும் என்று திசைகாட்டியைப் பார்த்தாள். முள் நூல் பிடித்தாற்போல மேற்கில் நின்றது. பாய்கள் ஒழுங்காகக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தன. சுக்கான் பிடியைத் தொட்டாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள்.

வானம் மூட்டமாக இருந்தது.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள். கால் தள்ளாடிப் படுக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தீப்பட்டாற்போல எழுந்தாள்.

படுக்கை சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. போர்வை வலப்பக்கமாக மடங்கியிருந்தது. கென்சாகு எழும்போது அப்படித்தான் மடங்கும்.

புத்தி பேதலித்துவிட்டது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தலையில் பட்ட அடி. தூக்கமில்லை. வேறென்ன.

அப்போது தலைக்கு மேலே தளத்தில் ஒரு சத்தம். தளத்தில் நடக்கும்போது பட்டையை மாட்டிக்கொள்ள நீளவாக்கில் கட்டிய கயிற்றில், கொக்கி தேய்ந்து போகும் சத்தம். சர்ர்ர்... டக். அவன் முன்பக்கம் போகும்போதெல்லாம் கேட்கும் சத்தம்.

சிவப்புப் பட்டை அவள் நெஞ்சில் இருந்தது.

பயத்தில் நடுங்கினாள்தான். ஆனால் களைப்புக்கு முன்னால் பயம் எத்தனை நேரம் நிற்கும்? அந்தச் சூட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். நடுராத்திரி எழுப்பியது அது.

டக்... டக்... டக்.

அரைத் தூக்கத்தில், பழக்க தோஷத்தில், எழுந்து மேலே போனாள். யாருமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மலை போல ஒரு சரக்குக் கப்பல் நேராக வந்துகொண்டிருந்தது. சுக்கானை முழு பலத்தோடு தள்ளினாள். கப்பல் அத்தனை நெருக்கத்தில் தாண்டியது. அதன் எஞ்சின் அதிர்வு தன் பல்லில் தெரிந்தது என்றாள்.

அதன்பிறகு குடித்தனம் பழையபடி நடந்தது. ஆமாம், அப்படித்தான் சொன்னாள். தட்டினால் எழுந்து போவாள். முறை முடிந்ததும் அவளும் கூரையை மூன்று முறை தட்டிவிட்டுக் கீழே வருவாள். படுக்கை சூடாக இருக்கும். சோறாக்கி இரண்டு கிண்ணத்தில் வைத்தாள். அவன் கிண்ணம் காலியாகிவிடும். அவளுடையது அப்படியே இருக்கும். அவளுக்குத்தான் பசிக்கவே இல்லையே. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரே ஒரு ஆசை அவளை அரித்தது. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குகிறார், சரி. வாசலில் இடித்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போயிற்று? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

ஒரு ராத்திரி முடிவு செய்தாள். தட்டினால் எழக் கூடாது. எழுப்ப அவனே வரட்டும்.

டக்... டக்... டக்.

அசையவில்லை.

மறுபடி. டக்... டக்... டக். இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக.

போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தளத்தில் கொக்கி இழுபட்டது. சர்ர்ர்... டக். வாசல் பலகை நகர்ந்தது.

சொட்... சொட்... சொட்...

ஈரக் கால். ஒரு படி. இன்னொரு படி.

படுக்கைக்குப் பக்கத்தில் நின்றது.

மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திற, திற என்று மனசு கெஞ்சியது. இமை ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உன் முறை."

அவன் குரல்தான்.

அவளால் அசைய முடியவில்லை.

ஒரு கை அவள் பாதத்தைப் பிடித்தது.

பிணத்தின் கை சில்லென்று இருக்கும் என்றுதானே நினைப்போம்...

அந்தக் கை சுட்டது. உயிருள்ளவன் கை.

"ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கே?"

எப்போதும் சொல்கிற கேலிதான். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

அவன் அழுதுகொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. தரை காய்ந்திருந்தது. பாதத்தில் மட்டும் ஐந்து விரல் பிடித்த இடம் கதகதவென்று இருந்தது.

அதற்கப்புறம் அவள் ஒரு தட்டைக்கூடத் தவறவிடவில்லை.

சுசாகியின் கலங்கரை விளக்கம் தெரிந்தது ஒரு விடியற்காலையில். மேலே வந்து சுக்கானைப் பிடித்தாள். கென்சாகு சின்ன வயதில் நீந்திய இடம், அவன் காட்டிய பாறைகள் எல்லாம் வரிசையாக வந்தன. படகு அலைதடுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், கையிலிருந்த சுக்கான் பிடி திடீரென்று கனத்தது. அவ்வளவு நாளும் இன்னொரு கையும் சேர்ந்துதான் பிடித்திருந்தது என்பது அது விட்ட பிறகுதான் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடிப்போய்ப் படுக்கையைத் தடவினாள்.

ஆறிப்போயிருந்தது.

படகு வரும் செய்தி ஊருக்குள் அதற்குள் போய்விட்டது. மாமியார் தொமே அம்மாள் ரப்பர் செருப்போடு துறைக்கு ஓடி வந்திருந்தாள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். மருமகளைப் பார்த்ததும் கிழவி கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தோம். அவள் இரண்டடி பின்னால் போனாள். சயோகோவைத் தாண்டிப் படகைப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

சயோகோ மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அலை, பட்டை, அந்த ராத்திரி. சொல்லத்தானே வந்தாள்.

"இல்ல," என்றாள் தொமே அம்மாள். "போனது நீ."

கிழவி படகைவிட்டுக் கண்ணைத் திருப்பி மருமகளைப் பார்த்தாள்.

"அந்த ராத்திரியே உன் மூடி காஞ்சு போச்சு. வேற மூடி மாத்திப் பாத்தேன். அடுப்புலேருந்து அப்படியே எடுத்து ஊத்திப் பாத்தேன். துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. உனக்கு ஊதுவத்தி கொளுத்தி அழுது முடிச்சுட்டேன் நான். அவன் மூடியில இன்னிக்குக் காலைல வரைக்கும் தண்ணி சொட்டுச்சு. இப்பத்தான்... நீ உள்ள வர்ற நேரம்... திறந்தேன்..."

சயோகோவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த உடனே விட்டுவிட்டாள்.

ஆனாலும் மருமகளை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. கிழவி சாகும்வரை இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வீட்டில் மூடி போட்ட கிண்ணம் ஒன்றுகூடக் கிடையாது. அதை நான் ஏதோ துக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன குளிர்காலம் துறைமுகத்துக்காரர்கள் எல்லோருக்கும் விடுதியில் விருந்து. சயோகோ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் சூப் மூடி போட்ட கிண்ணத்தில் வந்தது. என் மூடியைத் திறந்தேன், தண்ணீர் சொட்டி மணிக்கட்டில் வழிந்தது. அவள் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. ஆறிவிடப் போகிறதே என்று, யோசிக்காமல் நானே கை நீட்டி அவள் மூடியைத் திறந்தேன்.

ஆவி குபுகுபுவென்று என் முகத்தில் அடித்தது.

"வச்சிடுங்க," என்றாள் மெதுவாக.

வைப்பதற்கு முன் திருப்பிப் பார்த்துவிட்டேன். விரலால் தடவியும் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.