கொத்தனார் வீட்டுக்கு வந்த கொத்தனார்

நாங்கள் பழங்காநத்தத்தில் வாடகைக்கு இருந்தோம். திருமங்கலத்துக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தோம். பேங்க் லோன் கிடைத்ததும் வீட்டைத் தொடங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அதனால் ஆள் பிடிப்பது, கூலி கொடுப்பது, நின்று பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அதுவரை ஒரு செங்கல்லைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்தவளில்லை.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மொத்தமாகக் காண்ட்ராக்ட் விட்டுவிடு, தலைவலி இல்லை என்றார் எங்கள் ஹெட்கிளார்க். காண்ட்ராக்ட் விட்டால் சிமெண்டைக் குறைத்துவிடுவார்கள், நாள் கூலிக்கே ஆள் வை என்றார் சர்ச்சில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரரோ, நாள் கூலிக்கு வைத்தால் பேரன் பிறக்கும்வரை கட்டுவார்கள் என்றார். எதுவும் பிடிபடாமல், கடைசியில் பேச வந்த கொத்தனாரிடமே கேட்டேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. டி.வி.எஸ். வண்டியில், முன்னால் ஒரு சிமெண்ட் சாக்குப் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம்.

"டீச்சர், காண்ட்ராக்டுன்னா நான் வெரசாப் பாப்பேன், நீங்க மெதுவாப் பாருங்கம்பீங்க. நாள் கூலின்னா நான் மெதுவாப் பாப்பேன், நீங்க வெரசாப் பாருங்கம்பீங்க. எதுக்குச் சத்தம் போடணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"நான் டீச்சர் இல்லண்ணே. ஆபீஸ்ல இருக்கேன்."

"பள்ளிக்கூடத்துலதான இருக்கீங்க. அப்ப டீச்சர்தான்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. நாள் கூலிக்கே பேசினோம். கொத்தனாருக்கு இவ்வளவு, கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் சித்தாளுக்கு இவ்வளவு, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா, ரெண்டு வேளை டீ நம் செலவு. பாஸ்டர் வந்து ஜெபம் செய்து முதல் கல்லை வைத்தார். கொத்தனார் கண்ணை மூடி நின்று ஆமென் சொல்லிவிட்டு, அந்தக் கல்லின்மேல் தன் பங்குக்குக் கொஞ்சம் மஞ்சளைத் தடவினார். பாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

கோடை விடுமுறையில் எங்கள் ஆபீஸ் மதியத்தோடு முடிந்துவிடும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக மனைக்குப் போய்விடுவேன். கேள்வி கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. கல்லை ஏன் தண்ணீரில் நனைக்கிறீர்கள்? ஒரு வரிசையின் இணைப்பு மேல் வரிசையின் இணைப்புக்கு நேராக ஏன் வரக்கூடாது? நூலில் கட்டித் தொங்கவிடும் அந்த இரும்புக் குண்டு காற்றில் ஆடினால் எப்படிச் சரி பார்ப்பீர்கள்? அவர் கரண்டியை நிறுத்தாமல் பதில் சொல்வார். சில சமயம், "டீச்சர், இதுக்கு அப்பறமா வாரேன்" என்பார். சித்தாள் அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. முந்தின நாள் கட்டிய இடத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சித்தாள் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். போன் செய்தால், "சொந்த வேலை டீச்சர், நாளைக்கு வந்துர்றேன்" என்பார். சொன்னபடி வியாழக்கிழமை வந்தும் விடுவார்.

"வேற எங்கயோ வேலையை ஒத்துக்கிட்டாரு. எல்லாரும் அப்பிடித்தான். ரெண்டு பக்கமும் கால் வப்பாங்க" என்றார் ஹெட்கிளார்க். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோபத்தைவிட, அது எந்த வீடு, அங்கே என்ன கூலி, நம்மைவிட அதிகமா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அரித்தது. வியாழக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, வேற எடத்துல வேலை எடுத்திருக்கீங்களா?"

"வேலை எடுக்கல டீச்சர். வேலை குடுத்திருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. கலவையை வழித்துப் போட்டபடி அவர் சொன்னார்: "ஊர்ல என் வீடு கட்டுறேன். ஒரு கொத்தனாரை வச்சு."

"நீங்களே கொத்தனார். உங்க வீட்டுக்கு எதுக்கு இன்னொரு கொத்தனார்?"

"வந்து பாருங்க. எம் பொண்டாட்டி சொல்லுவா."

ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நான் நிஜமாகவே அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, திருமங்கலத்தில் பஸ் ஏறி அவர் ஊரில் போய் இறங்கினேன். டீக்கடையில் விசாரித்ததும், "கொத்தனாரு வீடா? வேலை நடக்கும், சத்தம் கேக்கும், நேரப் போங்க" என்றார்கள்.

அங்கே ஒரு வேப்பமரத்தடியில், மணல் குவியல்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கி, எதிரே எழும்பும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் நம்மவர் எழுந்து நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, "எம்புட்டுக் கலவை வைக்கிறான் பாத்தீங்களா டீச்சர்?" என்றார். அதே குறையை அதற்கு முந்தின வாரம் நான் அவரைப் பார்த்துச் சொல்லியிருந்தேன்.

அவர் மனைவி டீயோடு வந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மதினி, இவரை நம்பிக் கட்ட ஆரம்பிச்சு, பேஸ்மட்டத்தோட நின்னு போச்சு. ஆடு ஏறி வெளையாடுச்சு. எங்கயாச்சும் வேலைன்னு போன் வந்தா ஓடிருவாரு. அங்க போனா சனிக்கெழமை கையில காசு. இங்க யாரு குடுப்பா? ஞாயித்துக்கெழமை பாக்குறேம்பாரு. ஞாயித்துக்கெழமை தூங்குவாரு. பாத்தேன். நீ வெளிய சம்பாரிச்சுட்டு வா, நான் கூலிக்கு ஒரு ஆளைப் போட்டுக் கட்டிக்கிறேன்னுட்டேன். கூலி குடுத்தாத்தான வாராங்க!"

"அப்ப புதன்கிழமை மட்டும் அண்ணன் ஏன் இங்க?"

"தெனம் உங்க எடத்துக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி இங்க வந்து நின்னாரு. அந்தத் தம்பி, அண்ணே நீங்க நின்னா எனக்குக் கை ஓடல, நான் வரலன்னு சாமானைத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சு. அப்பறம் பேசி, வாரத்துல ஒரு நாள்னு முடிவாச்சு. பேசாம பாக்கணும். அது பேச்சு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மனைவிக்கோ என்னிடம் கேட்க நிறைய இருந்தது. அங்கே எத்தனை மணிக்கு வருகிறார்? டீ குடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார்? சித்தாளுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? நானும் பதிலுக்குக் கேட்டேன். ரெண்டு பேரும் கொடுக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். டீ நேரத்தைப் பற்றிய வருத்தமும் ஒன்றுதான். வேலைக்கு ஆள் வைத்த ரெண்டு பெண்கள் கிடைத்த ஆறுதலில் பேசிக்கொண்டிருந்தோம்.

நம்மவர் மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், அந்த மூலை சாஞ்சிருக்கு. எனக்கு நல்லாத் தெரியுது. நான் கேட்டா கெளம்பிருவான். நீங்கதான் எல்லாத்தையும் கேப்பீங்கள்ல, நீங்க கேளுங்க."

அந்த மூலையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் போய் நின்று, ஒன்றும் அறியாதவளாக, "தம்பி, இந்த மூலை நேராத்தான் இருக்கான்னு எப்பிடிப் பாப்பீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக மரத்தடியைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களே கேக்கலாம்ல? வெளியூருல இருந்து ஆள் கூட்டிட்டு வரணுமா?"

நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தம்பி தூக்குக்குண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நீங்களே போட்டுப் பாருங்க. சாஞ்சிருந்தா இன்னைக்குக் கூலி வேணாம்."

அவர் சுவரின்மேல் கட்டையை வைத்து நூலை விட்டார். குண்டு ஆடி, ஆட்டம் குறைந்து நின்றது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டு சுவரைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. மயிரிழையாய் ஒட்டி நின்றது. அவர் அடுத்த பக்கம் போய்ப் போட்டுப் பார்த்தார். அங்கும் அப்படியே. மறுபடி முதல் பக்கம் வந்தார்.

"போதும்யா" என்றார் அவர் மனைவி.

"இல்லடி, சாஞ்சாப்ல தெரிஞ்சுச்சு" என்றார். முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் கலந்திருந்தன. "எத்தனையோ வீடு கட்டியிருக்கேன் டீச்சர். என் வீட்டைப் பாத்தா மட்டும் எல்லாம் சாஞ்சு தெரியுது."

நான் ராத்திரியில் விழித்துக்கொண்டு என் ஜன்னல்கள் சரியான உயரத்தில்தான் இருக்கின்றனவா என்று யோசிப்பது எனக்கு ஒன்றும் தெரியாததால்தான் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு தெரிந்தவருக்கும் அதுதான் என்றால், இது வேறு ஏதோ. அதற்கு என்ன பேர் என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். கிடைக்கவில்லை.

அதன் பிறகு புதன்கிழமைகளைப் பற்றி நான் கேட்கவில்லை. என் வீட்டுக்குப் பூச்சு வேலை வந்தபோது, மழைக்கு முன்னால் முடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. அவரே அந்தத் தம்பியைக் கூட்டி வந்தார். ரெண்டு பேரும் ஒரே சாரத்தில் நின்று பூசினார்கள். ஒருவர் வேலையை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பட்டுவாடாவின்போது மட்டும் அந்தத் தம்பி, "டீச்சர் ஒரே எடத்துல குடுத்துருங்க. அண்ணன் வீட்டுக் கூலியும் உங்க காசுதான, இங்கயே சேத்து வாங்கிக்கிறேன்" என்று கேலி செய்தார்.

எங்கள் வீடு முடிவதற்கு முன்பே நம்மவர் வீடு முடிந்தது. பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கணவரும் போனோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கொத்தனார்கள். வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்தவர்கள் யாரும் பந்தியில் உட்காரவில்லை. ஒருவர் நிலைக்கதவின் ஓரத்தில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஒருவர் விரல் கணுவால் சுவரைத் தட்டிக் காது கொடுத்தார். இன்னொருவர் தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். கட்டிய தம்பி மட்டும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, இலையை விட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுவரைத் தட்டியவரிடம் நான் கேட்டேன், "தட்டினா என்னண்ணே தெரியும்?"

அவர் இன்னொரு தடவை தட்டிவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் தெரியாதும்மா. வந்துட்டோம்ல, சும்மா எப்பிடி உக்காருறது?"

அதற்குள் நம்மவரின் மனைவி கரண்டியோடு வந்து, "சுவரு எங்கயும் போயிறாது, சோறு ஆறிப்போகுது" என்று அத்தனை பேரையும் பந்திக்கு விரட்டிவிட்டார்.