காது மடலின் நிறம்

என் மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த என் நாத்தனார், குழந்தையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. காது மடலை மடக்கிப் பார்த்தார். பிறந்த குழந்தை எப்படி இருந்தாலும் பின்னால் என்ன நிறத்துக்கு வரும் என்று காது மடல் சொல்லிவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. "காது கறுத்துக் கெடக்குதும்மா. உன் கலருதான் வரும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனசு கிடையாது, வாய்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இப்போது நினைத்தாலும் சுருக்கென்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

நான் சின்ன காஞ்சிபுரத்தில் கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். பெருமாளுக்கு நீலம், மற்ற எல்லோருக்கும் ரோஸ். எங்கள் பொம்மைகளில் கடை வைத்திருக்கும் செட்டியாருக்குக்கூட ரோஸ் கன்னம்தான். வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

நாத்தனார் அதன்பின் அமெரிக்கா போய்விட்டார். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கருட சேவை பார்க்க வந்தவர், பெட்டியைத் திறந்து ஒரு குழந்தையின் தலையை எடுத்து என் மடியில் வைத்தார். அம்மாடி! அப்புறம் இரண்டு கை, இரண்டு கால். எல்லாம் வினைல். நிறமில்லாமல், வெளிறிப்போய் இருந்தன. வண்ணம் தீட்டி, துணி உடம்பில் பொருத்தி, மணல் நிரப்பினால் அசல் பச்சைக்குழந்தையாகிவிடுமாம்.

"அங்க இதுக்குப் போட்டியே வெக்கிறாங்கம்மா. எனக்குக் கை வரல. நீ நல்லா செவப்பா, ரோஜாப்பூ மாதிரி பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டு, ஊர் ஊராகக் கோயில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவர் விட்டுப்போன வண்ணப் பெட்டியை என் மகள் கிளறினாள். ரோஸிலேயே விதவிதமாக இருந்தது. பழுப்பு ஒரே ஒரு குழாய், அதுவும் தலைமுடிக்கும் புருவத்துக்கும். "என் கலரு இதுல இல்லியேம்மா" என்றாள். அழவெல்லாம் இல்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் ஜிவ்வென்று ஏறியது. "இருக்குது, இரு" என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தேன். நாத்தனார் கேட்டது ஒன்று, நான் செய்யப்போவது ஒன்று. பிடிக்காமல் முகத்தைச் சுளித்தாரானால், அதை நின்று பார்க்கப்போவது என் பெண். அவள் நிறத்தையே பார்த்து முகம் சுளித்ததாகிவிடும்.

கொலு பொம்மைக்கு ஒரே பூச்சில் நிறம் வந்துவிடும். தோல் அப்படி வருமா? அடியிலிருந்து எழும்ப வேண்டும். முதலில் நரம்புக்கு நீலத்தைத் தண்ணீர் மாதிரி ஓடவிட்டேன். அதன்மேல் ரத்தச் சிவப்பைப் பஞ்சால் ஒற்றினேன். பிறகுதான் அந்தப் பழுப்பு, மெல்லிசாக, ஒன்றன்மேல் ஒன்றாக. கண்ணை மூடினால் என் குழந்தையின் உடம்பு முழுக்க எனக்குத் தெரிந்தது. உள்ளங்கை வெளுப்பு, விரல் கணுவில் கறுப்பு, நகத்தைச் சுற்றி இன்னும் கறுப்பு. காது மடலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அதை மட்டும் ஒரு நாள் முழுக்கத் தீட்டினேன்.

அந்த வண்ணம் வெயிலில் காயாது, சூட்டில்தான் இறுகும். செவிலிமேட்டில் கேக் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மாவிடம் மின்சார அடுப்பு இருந்தது. கூடையில் தலையைப் பார்த்ததுமே, "ஐயையோ, நான் பாக்க மாட்டேன்பா, வெந்ததும் கூப்புடு" என்று உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு பூச்சுக்கும் டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போன கதை தனி.

நாத்தனார் திரும்பிய அன்று, பொம்மையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கூடத்தில் போட்டிருந்தேன். உள்ளே நுழைந்தவர் செருப்பை விட்டதும், "யாரு வூட்டுக் கொழந்தைம்மா? இப்படியா வெறுந்தரையில போட்டு வெப்பீங்க?" என்று குனிந்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்து அள்ளிக்கொண்டார். பழக்க தோஷம், விரல் தானாகப் போய்க் காது மடலை மடக்கியது.

"காது என்ன சொல்லுது அண்ணி?" என்றேன்.

அப்போதுதான் கையில் ரப்பர் சில்லிப்பு பட்டிருக்க வேண்டும். "அடிப்பாவி! ஏமாத்திட்டியே என்ன!" என்று அலறிவிட்டு, கீழே வைக்காமல், ஜன்னல் பக்கம் போய் நகம் நகமாகப் பார்த்தார். "இதப் போயி செவப்பாப் பண்ணச் சொன்னேனே நானு. என்னத்தச் சொல்றது" என்றார். இதுவரை எத்தனையோ கொலுப்படிகளில் என் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கு இருந்த கர்வம் வேறு எப்போதும் எனக்கு இருந்ததில்லை.

கதவோரம் நின்ற என் மகள் கிட்டே வந்தாள். தன் காதைத் தானே மடக்கிக் காட்டி, "எனக்கும் இதே கலருதான் அத்த, பாருங்க" என்றாள்.

நாத்தனார் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. நானும் பார்வையை எடுக்கவில்லை. பொம்மையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைக் காதிலிருந்து மெல்ல விலக்கி, முகத்தை நிமிர்த்தி நிதானமாகப் பார்த்தார்.

"அழகா கீறடி கண்ணு."

"தெரியும் அத்த" என்றாள் என் பெண்.