பச்சை டேப் ஒட்டிய ஜாடி

லிஃப்ட் பரிசோதகனை அவனுடைய அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணு தரம்' என்றால்தான் தெரியும். எந்தக் கம்பிவடத்தையும் மூன்று தரம் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான் என்பதால் வந்த பட்டம். கேலிக்காக வைத்ததை அவன் விருதாக எடுத்துக்கொண்டுவிட்டான். பதினான்கு வருடத்தில் அவன் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட யாரையும் நடுவழியில் தொங்கவிட்டதில்லை.

பதினாறாம் மாடி உயரத்தில், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கீழே இருட்டைப் பார்த்தபடியே டீ குடிக்கிற ஆள் அவன். அப்பேர்ப்பட்டவன் வீட்டு அடுப்படியில் ஒரு கரண்டி எண்ணெயைக் கண்டால் நடுங்குவான். காரணம் அவனுடைய எட்டு வயது மகள். வண்டு என்று கூப்பிடுவார்கள். வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிறு கலக்கும், தடிப்பு வரும் என்கிற ஆகாது இல்லை. மூச்சு நிற்கும் என்கிற ஆகாது.

மூன்று வருடம் முன்பு ஒரு பிறந்தநாள் வீட்டில் அவள் அரை பிஸ்கட் தின்றாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மனைவிதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவன் அப்போது ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் ஓடும் உள்கூட்டில், போனைக் கருவிப் பைக்குள் போட்டுவிட்டு, பிரேக் தேய்மானத்தை அளந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, குழந்தை படுக்கையில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவளுக்கு அது ஒருமுறை நடந்தது. பார்க்காதவனுக்குத் தினமும் நடந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளும் அவன் கையைத் தாண்டாமல் அடுப்படிக்குப் போக முடியாது. பாக்கெட்டில் அச்சடித்த பொடியெழுத்தை மூன்று தரம் படிப்பான். பிறகு பொருளைத் தன் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, பச்சை டேப் ஒட்டி, தேதி எழுதுவான். பச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். பழைய பாட்டிலும் பாக்கெட்டும் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். வெளியில் ஒட்டியிருக்கும் தூசிகூட வீட்டில் தங்கக் கூடாது. மனைவி இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. நம் வீட்டில் உப்புக்கும் பாஸ்போர்ட் உண்டு, சர்க்கரைக்கும் விசா உண்டு என்பாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சந்து திருப்புகிறவளுக்குப் பயம் என்பது ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாலை ஷிப்ட். கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போனாள்: நூடுல்ஸ் இருக்கிறது, கோஸும் காரட்டும் நறுக்கி வைத்திருக்கிறது, பதினைந்து நிமிட வேலை, தயவுசெய்து அதை ஒன்றரை மணி நேரமாக ஆக்கவேண்டாம்.

ஆறரைக்கு அவன் அடுப்பைப் பற்றவைத்தான். தண்ணீர் கொதிக்க நூடுல்ஸைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிடம் விட்டு வடிகட்டினான். குழையாமல் இருக்கக் குழாய்த் தண்ணீரில் அலசினான். வாணலி நன்றாகச் சுட்டதும் பூண்டு, இஞ்சி, பிறகு காய். இந்தச் சமையலில் அவனுக்குப் பிடிக்காதது அதன் அவசரம்தான். தீ குறையக் கூடாது, கை நிற்கக் கூடாது, எதையும் இரண்டாம் தரம் பார்க்க நேரமில்லை. ஆனால் பார்க்க வேண்டியதை எல்லாம் அவன் முன்கூட்டியே பார்த்தாயிற்று. பச்சை டேப் ஜாடியிலிருந்து கருஞ்சாஸ் இரண்டு கரண்டி ஊற்றினான். எள் வாசனை தூக்கியடித்தது. கணக்குப் புத்தகத்தோடு மேடை ஓரம் நின்றிருந்த வண்டு, ஹோட்டல் வாசனை வருகிறது என்று நற்சான்று கொடுத்தாள்.

வழக்கம்போல முதல் வாய் அவன் தின்று பார்த்தான். ராஜாவுக்கு முன்னால் ருசி பார்க்கிறவனைப் போல. அவனுக்கோ கடலை ஒன்றும் செய்யாது. படிக்கணக்கில் கடலை தின்று வளர்ந்த உடம்பு. அவன் ருசி பார்ப்பதால் யாருக்கும் எதுவும் நிரூபணமாகாது என்று மனைவி பலமுறை சொல்லியும் அவன் விட்டதில்லை.

வண்டு பாதித் தட்டு காலி செய்தபிறகு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி தேய்த்தாள்.

"அப்பா, தொண்டைல என்னமோ நிக்குது."

"நூடுல்ஸா?"

"இல்ல. முழுங்கினா போகல."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எழுந்து போய் ஜாடியை எடுத்தான். பச்சை டேப். அவன் கையெழுத்து. சனிக்கிழமை தேதி. எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. சனிக்கிழமை கடையிலிருந்து ஒரு பாட்டில் வரவில்லை, இரண்டு வந்தன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு மூடி; பொடியெழுத்து மட்டும் வேறாக இருந்திருக்கலாம். மூன்று தரம் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. முதல் பாட்டிலைப் படித்தான், மேசையில் வைத்தான், எடுத்தான், படித்தான். எடுத்தது எதை? அதையேவா, பக்கத்தில் இருந்ததையா? ஒரே பாட்டிலை மூன்று தரம் படித்துவிட்டு, மற்றதைத் திறந்து அதன் மேலேயே கொட்டினானா? படித்த நாள்கள் ஆயிரம்; எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இந்த ஒருநாளை மட்டும் உரித்தெடுக்க வரவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் பாட்டில்கள் ஞாயிறு காலைக் குப்பை வண்டியில் போய்விட்டன. அவனே ஓடிப்போய்ப் போட்டான்.

திரும்பி வந்தபோது வண்டு கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். காதுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. சொறிந்ததால் சிவந்ததா, சிவந்ததால் சொறிகிறாளா? விளக்கடிக்கு இழுத்து வந்து பார்த்தான். சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தான். அலமாரி மேல்தட்டில், மூச்சு அடைத்தால் உடனே தொடையில் குத்தச் சொல்லி டாக்டர் கொடுத்த ஊசிப் பேனா இருந்தது. மூன்று வருடமாக அங்கே இருக்கிறது. காலாவதி தேதி வந்தால் புதிது மாற்றுவான். பழையதை ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியும் இருக்கிறான். ஆரஞ்சு அழுவதில்லை. தப்பாகக் குத்திவிட்டால்? ஒன்றுமில்லாததற்குக் குத்தி, குழந்தையின் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டால்? ஒரு கையில் பேனா, மறு கையில் போன். மனைவி எடுக்கமாட்டாள் என்று தெரியும். ஓட்டும்போது எடுக்கவே மாட்டாள். ஆனாலும் அழைத்தான். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிப் போட்டு நின்றிருந்தாள்போல, இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பேசுறாளா?"

"பேசுறா. குரல் ஒரு மாதிரி கரகரன்னு இருக்கு. கழுத்துல சிவப்பா இருக்கு. எனக்குச் சரியாத் தெரியல, இன்னொரு தடவ பாத்துட்டு..."

"ஏங்க. எத்தன தடவ பாத்தீங்க?"

"மூணு."

"போதும். நாலாவது தடவ பாக்காதீங்க. குத்துங்க. குத்திட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, என்னைய இல்ல."

அவள் வைத்துவிட்டாள். அதற்குள் வண்டு இருமத் தொடங்கியிருந்தாள். நாய்க்குட்டி குரைப்பதுபோல வறண்ட இருமல். அவளைத் தரையில் சாய்த்து, முட்டியால் காலை அழுத்திப் பிடித்தான். மூடியை உருவினான். தொடையின் வெளிப்பக்கம், துணி மேலேயே அழுத்தினான். டக்கென்று சத்தம். அவள் வீறிட்டாள். அழ மூச்சு இருக்கிறது என்று ஒரு பக்கம் நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே தன்மேல் அருவருப்பு. பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது. ஏழிலேயே அவனுக்கு எண் மறந்துவிட்டது. முதலிலிருந்து எண்ணினான்.

அழைத்த பதினோரு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் அவன் அவள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, அவள் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறும்போது பயமில்லை. இறங்கியபிறகு மறுபடி ஏறுவதற்குள் இருக்கும் இடைவெளியில்தான் அவன் உயிர் கிடந்தது. இருமல் மெல்ல மெல்ல இடைவிட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது என்று வண்டு புகார் சொன்னாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். மூச்சுக்குழல் இறுகத் தொடங்கிய அடையாளம் இன்னும் இருக்கிறது, இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் கதை வேறு என்று, பேருந்து நேரம் சொல்கிற குரலில் சொன்னார். ஊசியின் வேகம் அடங்கியதும் இரண்டாவது அலை வரலாம், அதனால் சில மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும். 'வரலாம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவன் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மனைவி சீருடையோடு வந்து சேர்ந்தாள். வண்டியை வேறு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாளாம். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பயம் தெளிந்திருக்கும்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் வயது, எடை, ஊசி போட்ட நேரம். எல்லாவற்றுக்கும் அவன் நிமிடக்கணக்கில் பதில் சொன்னான்.

"என்ன சாப்பிட்டா?"

"நூடுல்ஸ்."

"சாஸ் என்ன சாஸ்? அதுல என்னென்ன இருந்துச்சு? டாக்டர் கேப்பாங்க. கடலைதானா, வேற எதாவதான்னு தெரிஞ்சாத்தான் இனிமே எத ஒதுக்கணும்னு சொல்ல முடியும். பாட்டில் இருக்குங்களா?"

பாட்டில் இல்லை. ஜாடி இருக்கிறது; ஜாடியில் அவன் எழுதிய தேதி இருக்கிறது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல், குழந்தையின் காலடியில் போர்வையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க," என்றான்.

பதினான்கு வருடமாகப் படிவங்களை நிரப்பிப் பிழைக்கிறவன், எந்தப் படிவத்திலும் எழுதாத சொல். நர்ஸ் அதை இரண்டு விநாடியில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். வண்டு தூக்கமும் விழிப்புமாகக் கண்ணைத் திறந்து, மீதி நூடுல்ஸை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்ததாம். அவன் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறுவதற்குக் காத்திருந்தான்.