முப்பத்தைந்து முறை அழித்தது

2011 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கணினித் திரையில் பச்சைக் கோடு நூறு சதவீதத்தைத் தொட்டு நின்றது. ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்து தொடங்கிய வேலை. இடையில் இரண்டு முறை மின்சாரம் போய், இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முடிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. காப்பி போட்டுக் குடித்தேன்.

பழைய கணினியைக் கோயில் வாசகசாலைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். பழைய கணினியை வாங்குகிறவர்கள் அதில் அழித்த வங்கிக் கணக்கு எண்களைக்கூடத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வாசகசாலைக்கு வரும் பிள்ளைகள் என் ஓய்வூதியக் கணக்கைத் தோண்டப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கவேண்டுமே. அழித்த இடத்தின்மேல் வேறெதையாவது எழுதி மூடிவிடும் ஒரு மென்பொருளை இறக்கினேன். ஒரு முறை, ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்று மூன்று வழிகள் கொடுத்திருந்தார்கள். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது மடிக்கணினியில் என் மனைவியின் குரலைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன்பே அதைப் பென்டிரைவில் எடுத்து இதில் போட்டிருந்தேன். சொடுக்கினால், கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி சொடுக்கினேன். பிறகுதான் திரையில் கோப்பைக் காட்டும் படத்தின் மூலையில் இருந்த சின்ன அம்புக்குறியைப் பார்த்தேன். நான் எடுத்துவந்தது கோப்பு இல்லை. கோப்பு இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுகிற குறி மட்டும். கோப்பு பழைய கணினியிலேயே இருந்திருக்கிறது. அதன்மேல் முப்பத்தைந்து முறை எழுதிவிட்டேன்.

நான் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கணக்கெழுதினேன். அப்போது எங்கள் பக்கத்து வீடுகளில் கடிதத்தைவிடக் கேசட் அதிகம். லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவோம். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். புதுக் கேசட்டுக்கு எதற்குக் காசு? எங்களுக்குள் ஓடியது ஒரே ஒரு கேசட். அவள் பேசியதை நான் அழித்தேன், நான் பேசியதை அவள் அழித்தாள். 1989இல் அவள் கடைசியாகப் பேசி அனுப்பியது மட்டும் தப்பியது. அதற்குப் பதில் பேசாமல் நானே ஊர் வந்துவிட்டேன், கேசட்டும் என் பெட்டியில் வந்தது.

அவள் போனது 2006இல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கேசட்டில் பூசணம் பிடிக்கத் தொடங்கியதைப் பார்த்து, டேப்ரெக்கார்டரிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போட்டு ஏற்றினேன். இருபத்தேழு நிமிடம் நாற்பது வினாடி. அடுத்த மழைக்காலத்தில் கேசட் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிட்டது, குப்பையில் போட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் கேசட்டில் அவள் மூச்சு விட நிறுத்துகிற இடங்களில், அடியாழத்தில் என் குரல் கேட்கும். அதற்கு முன்னால் நான் பேசி அனுப்பியது. "பணம் கிட்டிச்சா, எந்தத் தேதியில கிட்டிச்சு" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே பதிந்தாலும் பழையது முழுக்கப் போவதில்லை என்பதை என் காதாலேயே கேட்டவன் நான். டேப்பும் காந்தம், கணினித் தட்டும் காந்தம்.

நல்லவேளை, பழைய கணினியை இன்னும் வாசகசாலைக்குக் கொடுத்திருக்கவில்லை. அதன் தட்டைக் கழற்றி, துண்டில் சுற்றி, மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாத மனுஷன்.

"ஒண்ணும் பேடிக்காண்டாம் சாரே, எடுத்துரலாம். குளச்சல்ல ஒருத்தருக்கு கடல்ல விழுந்த கேமராவுல இருந்து கல்யாணம் மொத்தமும் எடுத்துக் குடுத்தேன். மாப்பிள்ளை மட்டும் கிட்டல்ல."

"பெண்ணு கிட்டிச்சா?"

"பெண்ணு நல்லா தெளிவா கிட்டிச்சு. சாருக்கு என்ன வேணும்?"

"ஒரு குரல்."

ஆறு நாள் வைத்திருந்தார். நான் ஆறு நாளும் போய் எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு குறுந்தகட்டைக் கையில் கொடுத்தார். அழிக்காத இன்னொரு பகுதியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் படங்கள் கிடைத்தனவாம். வீட்டில் போட்டுப் பார்த்தேன். எப்போதோ இணையத்தில் என் கண்முன் வந்துபோன சோப்பு, செருப்பு, வீட்டுக்கடன் விளம்பரங்கள்.

"நீங்க தொடச்ச இடத்துல ஒரு எழுத்துகூட இல்ல சாரே. இவ்வளவு விருத்தியா, சுத்தமா தொடச்சு நான் கண்டதில்ல" என்றார். ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

திருவனந்தபுரத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். பஸ் ஏறிப் போனேன். அங்கே தட்டை வாங்கிப் பார்த்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்து, மலையாளம் கலந்த தமிழில் எந்த மென்பொருள், எத்தனை முறை என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கேசட்டில் கேட்ட என் குரலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பண்டு ரொம்பப் பழைய தட்டுகளப் பத்தி அப்படி ஒரு பேச்சு இருந்தது சாரே. அதுனாலதான் அந்த முப்பத்தஞ்சு தடவை. இப்போதுள்ள தட்டுல மேல எழுதினா எழுதினதுதான் உண்டு. அடியில ஒண்ணும் இல்ல."

"உலகத்துல எங்கயும் எடுக்க முடியாதா? எவ்வளவு செலவானாலும்?"

"எடுத்துத் தரேன்னு யாராவது சொன்னா காசு குடுக்கண்டா. ஒரு தடவை எழுதினாலே போயாச்சு. மிச்சம் முப்பத்தி நாலும் வெறுதே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மா டெலீட் மட்டும் பண்ணியிருந்தா இன்னிக்கே எடுத்துத் தந்திருப்பேன்" என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கும். பார்வைக் கட்டணம் ஐந்நூறு மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வீடு முழுக்க ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கேசட்டில் என் மனைவி பேசியதை ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்த்தேன். சொற்கள் எல்லாம் வரிசையாக வந்தன. குரல் வரவில்லை. ஒவ்வொரு வரியும் என் குரலிலேயே வந்தது.

மகள் குவைத்தில் நர்ஸ். வழக்கமாக நான் மிஸ்டு கால் கொடுப்பேன், அவள் கூப்பிடுவாள். அன்று நானே கூப்பிட்டுப் பேசினேன்.

"என்னப்பா, சுகமில்லியா? காசு போவுமே, வையுங்க, நான் கூப்பிடுதேன்."

"வேண்டாம் மக்ளே. அம்மா கேசட்டு போச்சு."

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எதுக்குப்பா முப்பத்தஞ்சு?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம், "அதுல அம்மா என்ன பேசியிருந்தா? நான் கேட்டதே இல்லியே" என்றாள்.

அவள் கேட்டதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் போட்டுக் காட்டியதில்லை. அதனால் முதலிலிருந்து சொன்னேன். இஞ்ச கேட்டியளா, ரப்பர் ஷீட்டுக்கு விலை எறங்கிப் போச்சு. கெணத்துல தண்ணி அடியில கெடக்கு. பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்தாச்சு, சிரிச்சா கெழவி மாதிரி இருக்கா.

"நானா?" என்றாள் மகள்.

"நீதான்."

எல்லாம் சொல்லி முடித்து, கடைசி நாலு நிமிடத்துக்கு வந்தேன். என் மனைவி பேசி முடித்தபின் டேப்ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் வரும். மழை வரும். மரச்சீனி இலையைத் தின்ன வந்த ஆட்டை ஒரு முறை விரட்டுவாள். மற்றபடி பேச்சே இல்லை. நான் அதிகமாகக் கேட்டது அந்த நாலு நிமிடத்தைத்தான். அதில் மகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி இருந்தேன்.

"அப்பா, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன் மக்ளே. அம்மா உள்ள வேலையா இருக்கா."

அவள் வைத்துவிடவில்லை. அந்த நாலு நிமிடமும் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அந்தப் பேச்சு நாற்பத்தொரு நிமிடம் என்று அடுத்த மாத பில்லில் வந்தது, நிமிடத்துக்கு ஒன்பது ரூபாய் அறுபது பைசா. மார்த்தாண்டம் கடை, திருவனந்தபுரம் கட்டணம், பஸ்ஸுக்கு நாற்பத்தெட்டு, அங்கே குடித்த சாயாவும் வடையும் இருபத்திரண்டு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று ரூபாய் அறுபது பைசா.