பப்படப் பெட்டிக்கு ஓர் இரவல் பெயர்

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் கந்தோரில் உட்கார்ந்து லொறிக் கம்பனிகளோடு ஒப்பந்தம் பேசுகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே சிரிப்பு. நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலத்தில் நானும் அந்த வேலை பார்த்தவன்தான், எட்டாம் வகுப்புப் படிப்போடு. அதில் நான் வென்றதாக உங்கள் அம்மா சொல்வாள். நம்பாதீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

கெலிஓயாவில் நமக்குப் பப்படம் போடும் தொழில். உங்கள் அம்மாவும் வேலைக்கு வரும் ஐந்து பெண்களும் உளுந்து மாவு பிசைந்து, தட்டி, மழை விட்ட நேரம் பார்த்துக் காயவைப்பார்கள். கொழும்புக்கு அனுப்புவது என் பொறுப்பு. தோட்டங்களில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டியில் பப்படத்தை அடுக்கி, எழுத்து வெட்டிய தகரத் தகட்டை மூடியில் வைத்துக் கறுப்பு மையால் என் பெயரைப் பதிப்பேன். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில் நம் சாமான் ஏற்றும் லொறி எரிந்தது. லொறிக்காரர் தப்பி இந்தியாவுக்குப் போய்விட்டார். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நம்மிடம் வாங்கும் சைவக் கடை மட்டும் சில மாதம் கழித்துத் திறந்தது. வாரம் ஒரு பெட்டி, உடையாமல் வர வேண்டும் என்று எழுதினார்கள். நமக்கு மிஞ்சியது அந்த ஒரு கடைதான். அதுவும் கைவிட்டால் ஐந்து பெண்களும் வேறு வேலை தேட வேண்டும், நாமும்தான்.

கம்பளையில் ஒரு முஸ்லிம் முதலாளி கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறார் என்று அறிந்து, நிபந்தனைகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். அவர் கல்யாணம் முடித்து மாமியார் வீட்டில் இருந்தார். லொறி நின்றதும் மாமியாரின் வளவில்தான்.

“பெட்டி மேல இருக்கணும் முதலாளி. உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில போடக் கூடாது.”

“மேல வெச்சது மேலயே ஈக்குமா அண்ணே? கடுகண்ணாவ வளைவுல நானே சீட்டுல ஈக்கிறல்ல.”

“உடைஞ்சா யாரு பொறுப்பு?”

“ஒடயிற சாமானச் செஞ்சவர்தான்.”

வேறு லொறி இல்லை. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு அவருடைய நிபந்தனை வந்தது.

“குறை நினைக்காதீங்க அண்ணே. உங்கட பேரோட பெட்டி ஏத்த ஏலாது. வழியில நிப்பாட்டி மூடியப் பாத்தாங்கண்டா பப்படமும் போகும், லொறியும் போகும், நானும் போவேன்.”

“அப்ப உங்க பேரப் போட்டுடுங்க.”

அவர் தாடியைச் சொறிந்தார். “என்ட பேரப் போட்டா ஒடஞ்சது நொறுங்கினதுக்கெல்லாம் என்னத்தான் புடிப்பாங்க. மாமிட பேரப் போடுவோம். கடைக்காரர் எழுதுற கடிதமும் அவங்கட பேருக்கே வரட்டும். பெட்டியில ஒண்டு, கடிதத்துல ஒண்டு ஈந்தா சந்தேகம் வரும்.”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “என்ட பேர எதுல போடப் போறீங்க மருமகன்?”

“பப்படப் பெட்டியில மாமி. சும்மா பேருக்கு.”

“சும்மா ஒட்டுறதுக்கு என்ட பேரென்ன முத்திரையா?” திரையை விலக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். “தம்பி, உங்கட பப்படம் பொங்குமா?”

“நல்லாப் பொங்கும் உம்மா.”

“பொங்காட்டி?”

நான் கொப்பியைப் புரட்டினேன். அவரே சொன்னார். ஒவ்வொரு வாரமும் அதே மாவில் போட்ட நான்கு பப்படத்தைத் தன் குசினியில் பொரிக்க வேண்டும். நான்கும் பொங்கினால் பெட்டி ஏறும்.

அதன்பின் செவ்வாய்க்கிழமை தோறும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் கம்பளைக்குப் போய், அந்தக் குசினி வாசலில் பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி நிற்பேன். நான்கும் பொங்கும். “உப்பு கொஞ்சம் கூட,” என்பார். எல்லாவற்றையும் அவரே சாப்பிட்டும் விடுவார்.

நான்காவது வாரம் போனபோது அவர் மூக்குக் கண்ணாடியோடு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிதம். மருமகன் லொறி டயரைப் பார்த்தபடி நின்றார்.

“வாங்க தம்பி. கொழும்புல இருந்து எனக்கு எழுதீக்கிறாங்க. ‘அம்மணி, தங்கள் பப்படம் தூளாக வந்து சேர்ந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறிடத்தில் வாங்கிக்கொள்வோம்.’ இந்த வயசு வரைக்கும் என்ட சாமானத் தூளுண்டு ஒருத்தன் செல்லினதில்ல!”

கொப்பியைத் திறந்தேன். “உம்மா, ஒப்பந்தப்படி பாத்தா செஞ்சவன் நான்தான் பொறு…”

“நீங்க பேசாம இரிங்க. பெட்டி யாருட?”

“என்… உங்களோடதுங்க.”

“ஆ. மருமகன், என்ட பெட்டிக்கு மேல உருளக்கெழங்கு ஏத்தினது யாரு?”

“ஏத்தல்ல மாமி. கடுகண்ணாவயில மூட்ட சரிஞ்சி விழுந்திட்டு.”

“சரியாமக் கட்டத் தெரியாதா? மகளக் கேட்டு வந்த நேரம் லொறித் தொழில் தெரிஞ்ச மாப்பிளண்டுதானே செல்லினாங்க!”

நான் கொப்பியை மூடினேன். நான் கொப்பியோடு போய்க் கேட்டும் கிடைக்காததை அவர் கால் மணி நேரத்தில் வாங்கிவிட்டார். உடைந்தால் லொறி பொறுப்பு. பெட்டி இனி முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில்.

“அப்ப நான் எங்க ஈக்கிற மாமி?”

“பின்னுக்கு. கோவா மூட்ட மேல.”

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த வாரம் பெட்டி மணப்பெண் மாதிரி முன்சீட்டில் போனது. சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர், யாருடைய பெட்டி என்று கேட்டாராம். முதலாளி கோவா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, “மாமியாருடையது” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் அவரையும் முன்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தொடாமலே போகச் சொன்னாராம். அவருக்கும் வீட்டில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் மறுபடி கடிதம். “ஒன்றுகூட உடையவில்லை. இப்படிப் பொங்கும் பப்படம் கொழும்பில் வேறு யாரிடமும் இல்லை. தொடர்ந்து அனுப்பவும். தங்கள் கைப்பக்குவத்துக்கு நன்றி.” உம்மா அதை எனக்கு ஒரு தரம், மருமகனுக்கு ஒரு தரம், பக்கத்து வீட்டாருக்கு வேலிக்கு மேலால் ஒரு தரம் வாசித்தார்.

“பாத்தீங்களா தம்பி, என்ட பப்படத்த!”

“நல்ல பப்படம் உம்மா,” என்றேன். பொய் இல்லையே.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அன்றைய மாவை, தேவைக்கு மேலேயே அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, பெண்கள் போன பிறகு, அம்மா உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம், நான் பெட்டி அடுக்கும் அறையில் தனியாக இருந்தேன். மூடியில் உம்மாவின் பெயர் பதித்துக் காய்ந்திருந்தது. கலவரத்தன்று கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒளித்துச் செருகிய என் பெயர்த் தகட்டை எடுத்துத் துடைத்தேன். மூடியைக் கவிழ்த்து, உள்பக்கத்தில் வைத்து, மை தொட்டு என் பெயரைப் பதித்தேன். கடைசி எழுத்தில் கொஞ்சம் மை கசிந்துவிட்டது. காயும் வரை ஊதினேன். பிறகு மூடியைத் திருப்பிப் பெட்டியில் பொருத்தி, நான்கு மூலையிலும் ஆணி அடித்தேன்.