பூ கேட்டுப் போட்ட மாத்திரை

எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. படபடப்பில்லை, மூச்சிரைப்பில்லை. போன தை மாதம், நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கரைச் சோதித்தபோது, துடிப்பு அவ்வப்போது தாறுமாறாக ஓடுகிறது என்றார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டால் பக்கவாத ஆபத்து குறையும். ஆனால் ரத்தக்கசிவு வரலாம். "உங்களை மாதிரி ஆளுக்கு ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு. வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறேன். ஊரார் ரத்தத்தை நிறுத்தத் துணி நெய்கிறவன், கையில் கீறல் பட்டால் என் ரத்தம் நிற்காதோ என்று பயந்தேன். மருந்துச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து நைந்தது. மூன்று மாதம். யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

"ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடப்பா" என்று மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாத சுவாமியிடம் பூக்கட்டிக் கேட்கப் போனேன். சந்நிதியில் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளைப் பூ வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டியது என் மனைவி முருகேஸ்வரி. சிவப்பு வரட்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டினேன்.

வெள்ளை வந்தது. மனசு ஆறாமல் மற்றதையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"ஏட்டி, சாமிகிட்டயே ஏமாத்து வேலையா?"

அவள் அழுதுவிட்டாள். "எங்க அண்ணனும் எனக்கு ஒண்ணும் செய்யலைன்னுதான் சொல்லிட்டு இருந்தாவ. பொறவு வாதம் வந்து மூணு வருசம் சேத்தூர்ல படுத்த படுக்கை. அம்புட்டும் நாந்தான் பாத்தேன். இன்னொரு தடவ என்னால ஏலாதுங்க."

மூன்று மாதம் யோசித்தேனே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். முழங்கால் வலிக்கு நானாகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதை அவள்தான் அவரிடம் போட்டுக்கொடுத்தாள். அது ரத்தக்கசிவைக் கூட்டும் என்று முதலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தொடங்கினார்.

எட்டு மாதமாகிறது. பல் தேய்த்தால் சில நாள் ரத்தம் தெரிகிறது. பயம் முழுதாகப் போகவில்லை, அலுப்பும் இருக்கிறது. ஆனால் தனியாக அலுத்துக்கொள்வதில்லை. காலையும் மாலையும் அவள் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்கிறாள்; அந்த வைத்தியநாதனை நினைத்து விழுங்குகிறேன்.

முடிவெடுக்க முடியாமல் சோர்ந்திருப்பவர்களே, அவரிடம் கேளுங்கள். நிச்சயம் வழி காட்டுவார். எனக்கு, பொட்டலம் கட்டிய கையாகவே வந்தார்.